மேற்கே சூலம்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி, எனக்கு வேண்டாமுங்க. நான் வேடிக்கை பாக்கற ஆளு இல்லை. காத்து வந்தாப் போதும். அந்தக் காத்தும் இந்தச் சித்திரை வெயில்ல அனலாத்தான் வருது.

உடுமலைக்கா? நானும் உடுமலைக்குத்தான் டிக்கட் வாங்கியிருக்கேன். பஸ் ஸ்டாண்டுல சித்த நேரம் உக்காந்திருப்பேன். எங்க கார் எப்படியும் அந்த வழியா வந்துதான் ஆகோணும். அதுல என் மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் போயிருச்சு. அதை வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல காங்கயத்துக்குத் திரும்பிருவேன். மத்தியானம் மாத்திரை போடலீன்னா எனக்குத் தலை சுத்துமுங்க. மாத்திரைக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுமில்லை.

இந்த மஞ்சப்பையா? இது சம்சாரம் குடுத்தது. முறுக்கோ என்ன எழவோ. நான் பிரிச்சுப் பாக்கலை. பிரிக்கவும் மாட்டேன்.

காரை வெச்சுக்கிட்டு இவன் ஏன் பஸ்ஸுல வர்றான்னு நீங்க நினைக்கறீங்க. நினைக்காம இருக்க முடியுமா. சொல்றேன், நீங்களே நாயஞ் சொல்லுங்க. இன்னைக்குக் காலையில வரைக்கும் நாங்க மூணாறுக்கு டூர் போற குடும்பம். வண்டி என்னுது, டீசல் என்னுது, வழி போட்டவன் நான். என்னையத் தாராபுரத்துல எறக்கி உட்டுட்டுப் போயிட்டாங்க. எறக்கி உட்டாங்கன்னா, நானாத்தான் எறங்கினேன். எறங்க உட்டதும் எறக்கி உட்டதும் ஒண்ணுதானுங்களே?

அடிக்கட்டும் உடுங்க தம்பி. போன்தானே, அடிச்சு ஓயட்டும். எம்பையன் பிரகாசாத்தான் இருக்கும். கெஞ்சறதுக்குக் கூப்பிடுவான். கெஞ்சட்டும்.

எம்பேரு நல்லசிவம். காங்கயத்துக்குப் பக்கத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கேன். தேங்காய ஒடைச்சு வெயில்ல காயப்போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்பற சோலி. ஊருக்குள்ள என்னைய இன்னொண்ணுக்கும் தெரியும். எங்க போறதுன்னாலும் வழி கேக்க எங்கிட்டத்தான் வருவாங்க. பழனியா, பண்ணாரியா, குருவாயூரா, எந்த ரோட்டுல வேலை நடக்குது, எங்க சுத்திப் போகோணும், எந்த ஓட்டல்ல கக்கூஸ் சுத்தமா இருக்கும், எல்லாம் நான் சொன்னாச் சரியா இருக்கும். லாரிக்காரங்கிட்டப் பேசிப் பேசி வந்த ஞானம் அது.

அப்பேர்ப்பட்டவன் ஊட்டுல, பொங்கல் முடிஞ்சு ஒரு நாளு, சோத்தைப் போட்டுட்டு பக்கத்துலயே நிக்கறா என் சம்சாரம். தெய்வாத்தான்னு பேரு. "ஏனுங்க, பேத்திக்கு லீவு உட்டதும் எல்லாரும் ஒருக்கா மூணாறு போயிட்டு வரலாமுங்களா?"ன்னா.

எனக்குக் கையில எடுத்த சோறு அப்படியே நின்னுருச்சு. கல்யாணமான நாள்லருந்து அவ வாயத் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டதில்லீங்க. சேலைகூட நான் எடுத்துக் குடுக்கறதுதான். அப்படிப்பட்டவ கேக்கறா. கண்ணே கலங்கிருச்சுன்னு வெச்சுக்குங்களேன். "போலாம் தெய்வா, பிரமாதப்படுத்திப்புடலாம்"னேன்.

அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். மூணாறு எதுக்கு, ஊட்டிக்குப் போலாம், கோத்தகிரி வழியா ஏறினா ரெண்டு பக்கமும் தேயிலைன்னேன். "மூணாறே போலாமுங்க"ன்னா. கொல்லிமலைக்குப் போலாம், அத்தனை கொண்டை ஊசி வளைவு நம்ம நாட்டுல எங்க இருக்குதுன்னேன். "மூணாறுங்க." வால்பாறை? "மூணாறுங்க." பாருங்க, ஒரு ஊரு மேல ஒரு பொம்பளைக்கு அப்படி ஒரு ஆசை. அதுக்கு முன்னால ஒரே ஒருக்காத்தான் பாத்திருக்கறா. சரி, ஆசைப்பட்டுட்டா, நிறைவேத்தி வெக்கறதுதானே புருசன் லட்சணம்.

அப்பறம் வழி. காங்கயத்துலருந்து மூணாறுக்குக் கிட்டக்க வழின்னா இதுதான், நாம இப்பப் போறது. தாராபுரம், உடுமலை, சின்னாறு, மறையூர். சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். ஆனா அழகு? அழகு போடி வழிதான் தம்பி. தாராபுரத்துல திரும்பாம நேரா ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி, போடி. போடிமெட்டு ஏறறப்பக் கீழ பாத்தா ஊரெல்லாம் தீப்பெட்டியாட்டத் தெரியும்னு லாரிக்காரங்க சொல்லுவாங்க. தூரம் அதிகந்தான், ஒரு மடங்கு அதிகம்னே வெச்சுக்குங்க. டூர் போறவனுக்குத் தூரம் ஒரு கணக்கா?

களத்துல சிமிட்டித் தரையில கொட்டாங்குச்சிக் கரியில பெருசா வரைஞ்சு காட்டினேன். காங்கயம் இங்க, தாராபுரம் இங்க, நேரா தெக்க ஒரு கோடு தேனி வரைக்கும், அப்பறம் மேக்க ஏறி மூணாறு. ஒவ்வொரு ஊருலயும் எங்க நிறுத்தறது, எங்க டீ, எங்க போட்டோ. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. அவளும் பாத்தா. "தாராபுரத்துலருந்து மேக்க ஒரு வழி இருக்குதுங்களே"ன்னா மெதுவா. "இருக்குது, அதுல யானை இருக்குது"ன்னேன்.

மறுநாள் காலையில பாக்கறேன், தாராபுரத்துலருந்து மேக்க ஒரு கோடு போட்டிருக்குது. பேத்தி மித்ராதான் கிறுக்கியிருக்கும்னு காலால தேச்சு அழிச்சேன். அதுக்கு மறுநாளும் கோடு. மறுபடியும் அழிச்சேன். மூணாவது தடவை புள்ளையக் கூப்பிட்டுக் காதைத் திருகிட்டேன். "நான் போடலை தாத்தா"ன்னு அழுகுது. பொய் சொல்லப் பழகுது பாருங்க இந்த வயசுலயே. தெய்வாத்தா ஓடியாந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. போறப்ப என்னையப் பாத்த பார்வை இருக்குதே, அது நல்லால்லை.

ஏனுங்க, இந்த டிரைவர் எதுக்கு இத்தனை நேரம் நிறுத்தறான்? ஏறறது ஒரே ஆளு. அந்தம்மா கூடைய மேல வெக்கறதுக்குள்ள பொழுது போயிரும் போல இருக்குது. எனக்கொண்ணும் அவசரமில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

அந்த மேக்குக் கோட்டுல என்ன இருக்குதுன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்றேன். இந்த ரோட்டுல உடுமலைக்கு முன்னாலயே ஊஞ்சவலசுன்னு ஒரு ஊரு வரும். அங்கதான் என் சம்சாரத்தோட அண்ணன் ஊடு. மாரப்பன். எனக்கு மச்சான் முறை. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. பதினோரு வருசமாச்சு. எம்மேல தப்பில்லீங்க. நாலு பேரு முன்னால ஒரு மனுசனை அவமானப்படுத்திட்டு அப்பறம் வந்து பல்லைக் காட்டினா? தீவாளிக்குச் சீரு கொண்டாந்தாரு. நான் களத்தை உட்டு வரவே இல்லை. வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டாரு. அடுத்த வருசமும் வந்தாரு. அதுக்கடுத்த வருசமும். அப்பறம் நிறுத்திக்கிட்டாரு.

சம்சாரத்தை நான் தடுத்ததில்லீங்க. அதைச் சொல்லியாகோணும். அண்ணன் ஊட்டுக்குப் போகாதேன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்ததில்லை. "போறதுன்னாப் போ. திரும்பி வர்றதைப் பத்தி மட்டும் ரோசனை பண்ணிக்க"ன்னு சொன்னேன். அவளாத்தான் போகலை. அந்த அளவுக்கு என் மேல மரியாதை.

மாசி மாசம், உடுமலையிலருந்து வர்ற கொப்பரை ஏவாரி ஒருத்தர் சொன்னாரு. மாரப்பனுக்கு ஈரல் கெட்டுப் போச்சு, கோயமுத்தூர்ல பாத்துட்டு இனி ஆகாதுன்னு ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க, சித்திரை தாண்டறது கஷ்டம்னாரு. நான் ஊட்டுல சொல்லலை. டூர் போகோணும்னு ஆசையா இருக்கற பொம்பளைகிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா? மனசு கஷ்டப்படுமில்ல. முடிஞ்சதுக்கப்பறம் தெரிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன். மூணாறைச் சந்தோசமாப் பாக்கட்டும்னுதான் தம்பி அத்தனை பாடும். அவளுக்கு இது ஒண்ணும் தெரியாதுன்னுதான் நான் இன்னைக்குக் காலையில வரைக்கும் நினைச்சுட்டிருந்தேன்.

போன் நின்னுருச்சு. பாத்தீங்களா, கெஞ்சறதும் ஒரு அளவுக்குத்தான். அவனுக்கும் ரோசம் வந்துருச்சாட்ட இருக்குது.

பையன்தான் மொதல்ல எதுத்துப் பேசினான். "அப்பா, உடுமலை வழியாப் போனா மத்தியானத்துக்குள்ள மூணாறு. எதுக்குத் தேனியச் சுத்தோணும்?"னான். அவனுக்குப் பட்டறையில வெள்ளிக்கிழமையிலருந்துதான் லீவு. அங்கதான் நான் புடிச்சேன். "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்டா. தாராபுரத்துலருந்து மேக்க திரும்பினா அந்தப் பயணம் வெளங்காது. நேரா தெக்க போனா ஒண்ணுமில்லை"ன்னேன். அதுக்கு அவன், "தேனியிலருந்து மேக்கதானப்பா ஏறறோம்?"ங்கறான். "அது வழியில திரும்பறது. சூலம் கெளம்பறதுக்குத்தான்"னேன்.

உங்களுக்குச் சூலம் தெரியுமுங்களா? காலண்டர்ல தெனமும் போட்டிருப்பானே. அன்னன்னைக்கு ஒரு திசை ஆகாது. தவிர்க்க முடியாம போயே ஆகோணும்னா அதுக்குப் பரிகாரம் இருக்குது. கெழக்க போறதுன்னாத் தயிரு, வடக்க பாலு, தெக்க நல்லெண்ணெய், மேக்க வெல்லம். வாயில ஒரு துளி போட்டுட்டுக் கெளம்பினாத் தோசம் இல்லை. மருமக அதைச் சொன்னா, "பரிகாரம் பண்ணிட்டுப் போலாமுல்ல மாமா"ன்னு. "பரிகாரம் வேற வழி இல்லாதவனுக்கு. நமக்குத்தான் வழி இருக்குதே"ன்னு முடிச்சுட்டேன்.

தெய்வாத்தா அன்னைக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணு கேட்டா. "திரும்பி வர்றப்பவாவது உடுமலை வழியா வரலாமுங்களா?" திரும்பறதுக்கு அதிரப்பள்ளி, பாலக்காடு போட்டிருந்தேன். அருவி பாக்கலாமேன்னு. "அருவி வேண்டாமா உனக்கு?"ன்னேன். "வேண்டாமுங்க"ன்னா. ரசனை இல்லாத பொம்பளைக்கு எத்தனை வழி போட்டு என்ன.

இன்னைக்குக் காலையில கெளம்பறப்ப வாசல்ல நின்னு எல்லாருக்கும் கையில ஒரு துண்டு வெல்லம் குடுத்தா. பையன் வாங்கி வாயில போட்டான். மருமக போட்டா. பேத்தி இன்னொண்ணு கேட்டுது. எனக்கும் நீட்டினா. "சக்கரைக்காரனுக்கு வெல்லம் குடுக்கறியே, நல்லாத்தான் வழியனுப்பற"ன்னு சிரிச்சுட்டு முன் சீட்டுல ஏறிட்டேன். அவ அந்தத் துண்டை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

நான், சூலத்தைப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்கறவன், எனக்கு அப்ப உறைக்கலை தம்பி.

தாராபுரம் வந்துது. பிரிவு தெரியுமில்ல உங்களுக்கு, நீங்க ஏறின எடந்தான். நேராப் போனா ஒட்டன்சத்திரம், வலது கைப் பக்கம் உடுமலை. பின்னாலருந்து அவ குரலு. "பிரகாசு, வலது பக்கம் திருப்பு."

அவன் ஓரமா நிறுத்திட்டான். "தெய்வா, நம்ம வழி நேரா"ன்னேன். சிரிச்ச மாதிரிதான் சொன்னேன்.

"எங்கண்ணனப் பாக்கோணும்."

"எந்த அண்ணன்?"னேன். தம்பி, அப்படிக் கேட்டுட்டேன். வாயில வந்துருச்சு.

"எனக்கு ஒரு அண்ணன்தானுங்க"ன்னா.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. பொங்கல்லருந்தே தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவங்கிட்ட மறைக்கறதா? நான் மறைச்சது அவ நல்லதுக்கு. அது வேற.

"வண்டி திரும்புச்சுன்னா நான் எறங்கிக்குவேன்"னேன்.

அவ ஒரு நிமிசம் யோசிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "எறங்கிக்குங்க"ன்னா. கோவமில்லை, அழுகையில்லை. சோறு போட்டுக்குங்கன்னு சொல்ற மாதிரி சொன்னா.

எறங்கினேன். பையன் கதவைத் தொறந்து வெச்சுட்டு "அப்பா, ஏறுங்கப்பா"ங்கறான். அவ கண்ணாடிய எறக்கி இந்தப் பையைக் கையில குடுத்தா. "வெயில்ல நிக்காதீங்க"ன்னு சொன்னா. வண்டி திரும்பிருச்சு. எம்முன்னாலயே திரும்பிருச்சு தம்பி. பின்கண்ணாடியில பேத்தி மட்டும் கைய ஆட்டுது.

டீக்கடையில நின்னேன். எதுத்தாப்புல காங்கயம் பஸ் நின்னுது, காலியா. ஏறியிருக்கலாம். அப்பத்தான் மாத்திரை ஞாவகம் வந்துது. அதனால இந்த பஸ்ஸுல ஏறினேன். இல்லாட்டி இந்த ரோட்டுல நான் காலு வெப்பனா?

என்ன அவமானம்னு கேக்கறீங்க. கேக்கோணும், ஒருத்தரு சொல்றதை அப்படியே நம்பக் கூடாது. பிரகாசு கல்யாணம் முடிஞ்சு ரெண்டு குடும்பமும் வேன் புடிச்சு மூணாறு போனோம். அன்னைக்கும் வழி போட்டவன் நான்தான். அன்னைக்கும் போடி வழிதான். மாரப்பன் டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. அதே தாராபுரம் பிரிவு. டிரைவரு நேராப் போகப் பாத்தான். இவரு அவன் தோள்ல கைய வெச்சு, "மாப்ளைக்குக் கொப்பரை காயப்போடத்தான் தெரியும், வழி தெரியாது. நீ வலது பக்கம் உடப்பா"ன்னாரு.

வேன் முழுக்கச் சிரிச்சுது. சம்பந்தி ஊட்டுக்காரங்க சிரிச்சாங்க. புது மருமக சிரிச்சா. சிரிக்கட்டும். திரும்பிப் பாக்கறேன், தெய்வாத்தா சிரிக்கறா. வாய மூடிக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க. அவ அண்ணன் சொன்னதுக்கு.

ஆமாங்க. அவ்வளவுதான். உங்களுக்கு அவ்வளவுதானான்னு இருக்கும். உங்களை ஒரு வேன் நெறைய ஆளுங்க பாத்துச் சிரிச்சிருந்தாத் தெரியும்.

அங்க கண்ண மூடினவன் மூணாறுலதான் தொறந்தேன். சின்னாறு காட்டுக்குள்ள போறப்ப எல்லாரும் "யானை, யானை"ன்னு கத்தறாங்க. ஒரு கூட்டமே ரோட்டைத் தாண்டிச்சாம். குட்டி ஒண்ணு நடுரோட்டுல நின்னு வேனையே பாத்துச்சாம். மாரப்பன் திரும்பி, "மாப்ள, பாருங்க மாப்ள, இதுக்குத்தான் இந்த வழி"ங்கறாரு. தோளைப் புடிச்சு உலுக்கறாரு. நான் தூங்கற மாதிரியே இருந்துட்டேன். பாக்கலை. இன்னை வரைக்கும் நான் காட்டு யானை பாத்ததில்லீங்க.

அதுக்கப்பறம் தெய்வாத்தா வாய்விட்டுச் சிரிச்சு நான் பாக்கலை. பரவாயில்லை, அடக்கமான பொம்பளையா மாறிட்டா.

இது எந்த ஊரு தம்பி? காத்தாலை எல்லாம் சும்மா நிக்குதே. காத்துக்காலம் வரலை இன்னும். ஊஞ்சவலசு போயிருச்சா? சும்மா கேட்டேன். போயிருந்தா நல்லதுதான்.

போன் அப்பறம் அடிக்கலை பாருங்க. ஏன் அடிக்கலை? சிக்னல் இருக்குதே. எதுக்கு நிறுத்திட்டான்? நானாக் கூப்பிடறதா? அது நடக்காது. ஆனா ஒண்ணுமில்லாம நிறுத்த மாட்டான் அவன். சின்னதுலருந்தே அடம் புடிச்சவன்.

தண்ணி இருக்குமுங்களா உங்ககிட்ட? வேண்டாம், இருக்கட்டும், இந்தப் பையில பாட்டில் ஏதும் வெச்சிருப்பா. கனமாத்தான் இருக்குது.

இருங்க.

என்ன தம்பி இது. மாத்திரை டப்பா. இந்தா, கண்ணாடிக் கூடு. தண்ணி பாட்டில். எல்லாம் இதுல இருக்குது. எல்லாத்தையும் எடுத்து வெச்சுத்தான் குடுத்திருக்கறா. அப்ப நான் எதுக்கு இந்த பஸ்ஸுல...

சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிக்கலை, சரி. சிரிச்ச மாதிரி இருந்துது.

அடுத்த ஸ்டாப்புல எறங்கிர்றேன். எறங்கி எதுத்தாப்புல நின்னா காங்கயத்துக்குப் போற பஸ் வரும். மாத்திரை கையில இருக்கறப்ப உடுமலையில எனக்கென்ன சோலி? கண்டக்டரைக் கூப்பிடுங்க. இருங்க இருங்க, போன் அடிக்குது.

அலோ. ம், கேக்குது, சொல்லு. நான் எங்கயோ இருக்கறேன், உனக்கென்ன. ம். ம். பேசறாரா? ஆரு, அவரா? என்னன்னு கேட்டாரு? பஸ் சத்தத்துல கேக்கலை, திருப்பிச் சொல்லு. ம். அம்மா என்ன பண்றா? சரி. சரி, வெச்சர்றேன்.

எம்பையன்தான். போய்ச் சேந்துட்டாங்களாம். மாரப்பன் ரெண்டு நாளாக் கண்ணே தொறக்கலையாம். தங்கச்சி குரலைக் கேட்டதும் தொறந்தாராம். அவ மடியிலதான் தலைய வெச்சிருக்கறாராம். மூச்சு இழுத்து இழுத்து வருதாம். பாலு ஊத்திட்டிருக்கறாங்களாம் ஒவ்வொருத்தரா.

அப்பறம் வாசலைப் பாத்துட்டே இருந்தாராம். "மாப்ள எங்க?"ன்னு கேட்டாராம். பின்னால வர்றாருன்னு தெய்வாத்தா சொன்னாளாம். எப்படிச் சொல்றா பாருங்க, நான் வர்றேன்னு அவகிட்ட ஆரு சொன்னது?

அதுக்கு அவரு என்ன சொன்னாராம் தெரியுமுங்களா? "மாப்ளைக்கு வழி தெரியாதும்மா. ஆராச்சும் போய்க் கூட்டிட்டு வாங்க"ன்னாராம்.

கேட்டீங்களா தம்பி? உசுரு போற நேரத்துல. அதே பேச்சு. பதினோரு வருசங் கழிச்சு, சுத்தி அத்தனை சனம் நிக்கறப்ப, அதே பேச்சு. வழி தெரியாதாம் எனக்கு. ஆராச்சும் போய்க் கூட்டிட்டு வரோணுமாம். என்னைய. இந்தச் சில்லாவுக்கே வழி சொல்றவனை.

கண்ணுல தூசி உழுந்துருச்சு. சன்னலைச் சித்தச் சாத்துங்க. வேண்டாம், இருக்கட்டும்.

இப்படியே உட்டுட்டு நான் காங்கயத்துக்குத் திரும்பினேன்னு வெச்சுக்குங்க, அவரு வழி தெரியாதவன்னு நினைச்சுட்டே போயிருவாரு. அப்பறம் ஆருகிட்டப் போய்ச் சொல்றது? அது கூடாது. உள்ளகூடப் போக வேண்டாம், வாசல்ல நின்னு "இந்தா வந்துட்டேன் மச்சான், எனக்கு வழி தெரியும்"னு சொல்லிட்டுத் திரும்பிர்றேன். அதைச் சொல்லறதுக்கு உரிமை இருக்குதில்ல எனக்கு?

அடியில இது என்ன, துணியில முடிஞ்சு... வெல்லம். காலையில நான் வேண்டாம்னது. இதையும் போட்டுக் குடுத்திருக்கறா.

பாக்காதீங்க தம்பி, இத்தனூண்டு வெல்லம் சக்கரைக்காரனை ஒண்ணும் பண்ணாது. வெள்ளிக்கிழமை மேக்க போறவன் இதைத் திங்காமப் போகக் கூடாது, சாஸ்திரம்.

கண்டக்டர், ஊஞ்சவலசுல நிறுத்துங்க. உடுமலை டிக்கட்டுதான், தெரியும். வாங்கினா என்ன, முன்னாலயே எறங்கறதுக்கும் காசு கேப்பீங்களா? சித்த வேகமாப் போகச் சொல்லுங்க அவரை. ஆளு ஒருத்தரு காத்துட்டிருக்காரு.

சன்னலோரம் சித்த உடுங்க தம்பி, வெளிய பாக்கோணும். ரோட்டோரமாப் பெரிய புளியமரம் வரிசையா நிக்கும், மூணாவது மரத்துக்கு நேரா வண்டிப்பாதை பிரியும், அதுதான் அடையாளம். ஒரு மரத்தையும் காணமே. ரோட்டை அகலம் பண்றதுக்கு எல்லாத்தையும் வெட்டிட்டாங்களா? எப்ப வெட்டினாங்க? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதே. இதா ஊஞ்சவலசு? கண்டக்டர், இதா?

எறங்கறேன், எறங்கறேன். பையைக் குடுங்க.

தம்பி, பஸ்ஸை ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க. மாரப்பன் ஊட்டுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகோணுமா, இந்தப் பக்கமா? உள்ள ஆராச்சும் இந்த ஊருக்காரங்க இருந்தாக் கேட்டுச் சொல்லுங்க, சீக்கிரம்.

எனக்கு வழி தெரியலை.